தீராத அபராதம்

என் அப்பாவுக்கு எல்லாம் மறந்துபோயிற்று, ஒன்றைத் தவிர. அம்மா இறந்தது நினைவில் இல்லை. பிழைக்க வந்த இந்த மராத்தி ஊரில், கட்கி ஆர்டினன்ஸ் ஃபாக்டரியில் காலமெல்லாம் லேத் ஓட்டியது நினைவில் இல்லை. சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள், "ஏட்டி சகாயம், இன்னைக்கு உலை வைக்கலியா?" என்று என்னைக் கேட்பார். ஆனால் சாமியார் கொடுத்த அபராதம் இன்னும் பாக்கி இருக்கிறது என்பது மட்டும் மண்டைக்குள் ஆணியடித்த மாதிரி நிற்கிறது. எதை எதையோ துடைத்துக்கொண்டு போன வியாதி, போகிற போக்கில் இதையும் துடைத்துக்கொண்டு போயிருக்கக் கூடாதா? எனக்கு வருகிற ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

அபராதம் என்றால் டிராஃபிக் போலீஸ் போடுவதல்ல. கத்தோலிக்கர்கள் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது சாமியார் பாவங்களைக் கேட்டு, மன்னிப்புக் கொடுத்து, கடைசியில் பரிகாரமாக இதைச் செய் என்று ஒன்றைச் சொல்லி அனுப்புவார். பெரும்பாலும் சின்ன செபம்தான். கோவில் வாசலைத் தாண்டுவதற்குள் சொல்லி முடித்துவிடலாம். அதைச் செய்யாமல் விட்டால் மனசாட்சி குடையும். எனக்கு இதெல்லாம் அத்துப்படி. தாபோடியில் பிறந்து வளர்ந்த நானும் கல்யாணம் ஆகும்வரை, சாமியார் வலைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்கும் அந்தக் கூண்டுக்கு முன்னால் முழங்காலில் நின்றவள்தான்.

இப்போது நிற்பதில்லை. என் வீட்டுக்காரர் ஜெகதீசன் வேலூர்ப் பக்கத்து இந்துக் குடும்பத்துப் பிள்ளை. கராடியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ கூப்பிட்டு ஒரு ஜெபக் கூட்டத்துக்குப் போனவர், அன்றைக்கே அழுது, அன்றைக்கே விசுவாசியாகி வெளியே வந்தார். அவருடைய அப்பா அவரைத் தலைமுழுகிவிட்டார். பெயரை மட்டும் ஜெகதீசன் மாற்றிக்கொள்ளவில்லை. "தேவனுக்கு என் பேர் ஏற்கெனவே தெரியும்" என்பார். ஒரே சாயங்காலத்தில் எல்லாம் இலவசமாகக் கிடைத்தவர் என்பதால், இன்னொருவர் அதற்காகப் பாடுபடுவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மனுஷன் தேவனுக்கு முன்னால் நீதிமான் ஆவது விசுவாசத்தால் மட்டும்தான், அவன் செய்கிற எந்தக் காரியத்தாலும் இல்லை என்பதை இட்லி சாப்பிடும்போதுகூடச் சொல்வார்.

கல்யாணத்துக்குப் பிறகு நானும் அவருடைய சபையில் சேர்ந்தேன். லோணாவளா பக்கம் ஒரு ரிசார்ட் நீச்சல் குளத்தில் முங்கி ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டேன். அப்பா வரவில்லை. "குழந்தையில ஊத்துன தண்ணி பத்தலையாக்கும்?" என்று அம்மாவிடம் கேட்டாராம். அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார். ஒரே ஊரில் இருந்துகொண்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான்.

அந்த நாட்களில்தான் எனக்கு ஒரு பிள்ளை வயிற்றில் தங்கி, ஏழாம் மாதம் போய்விட்டது. நஞ்சுக்கொடி முன்னாலேயே பிரிந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். பெண் குழந்தை. அதற்குப் பிறகு தங்கவே இல்லை. இதை இப்போதே சொல்லி முடித்துவிடுகிறேன். திரும்பத் திரும்பப் பேச என்னால் ஆகாது.

சேதி கேட்டு அப்பா ஓடி வந்தார். ஆஸ்பத்திரிக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல், உடம்பு குலுங்க அழுதார். பேத்தியைப் பறிகொடுத்த துக்கம் என்று நினைத்தேன். வேறு என்ன நினைப்பேன்? அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு வார்த்தை வந்துவிட்டது. வாரம் தவறாமல் கட்கி பஜாரில் மீன் வாங்கிக்கொண்டு வருவார், நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

அதற்குப் பிறகுதான் அவருக்குக் கோவில் வேலையில் வெறி பிடித்தது. கோவிலைச் சேர்ந்த பங்கில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் பெட்டி தூக்க முதல் ஆள். குழி வெட்ட ஆள் வராவிட்டால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே இறங்குவார். தவக்காலம் முழுக்கச் செருப்புப் போடமாட்டார். "மாமா சொர்க்கத்துக்குப் படி கட்டிக்கிட்டிருக்கார்" என்று ஜெகதீசன் வருத்தத்தோடு சொல்வார். எனக்கும் அப்படித்தான் பட்டது. பழைய ஆட்கள், புண்ணியம் சேர்க்கிறார்கள், சேர்த்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

அம்மா போன பிறகு அப்பாவின் ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. அடுப்பை அணைக்காமல் விட்டு, வீட்டுக்கு வழி தெரியாமல் போபோடி போய் நின்று, கடைசியில் கராடிக்கு எங்கள் ஃப்ளாட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். நான் மகர்பட்டா ஆபீஸை விட்டுவிட்டு வீட்டிலிருந்து செய்கிற வேலையாகப் பார்த்துக்கொண்டேன். தினமும் அவர் முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பேன். இரண்டு முழங்காலிலும் பழைய தழும்பு தடித்துப் போய்க் கிடக்கும். எப்போது விழுந்தாரோ என்று நினைத்துக்கொள்வேன்.

போன தவக்காலத்தில், பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். மாதம் ஒருமுறை தமிழ்ப் பூசை வைக்க ஆண்டனி சாமியார் வருவார். குருமடத்தில் பாடம் நடத்துகிறவர், தூத்துக்குடிக்காரர். அவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். நான் மாற்றுச் சபைக்காரியாக வாசலில் செருப்புக்குக் காவல் இருந்தேன். அப்பா வெளியே வரும்போது முகத்தில் ஒரு வெற்றிக்களை.

"முழு செபமாலை குடுத்திருக்காருட்டி. முதல்ல ஒரேயொரு அருள் நிறை மந்திரம்னாரு. அதெல்லாம் பத்தாதுன்னு மல்லுக்கட்டி வாங்கினேன்லா!"

மார்க்கெட்டில் பேரம் பேசி விலையைக் குறைக்கிறவர்கள் உண்டு. அபராதத்தைப் பேரம் பேசிக் கூட்டி வாங்கிக்கொண்டு வந்தவர் என் அப்பா ஒருவராகத்தான் இருப்பார். சாமியாரும் பெரியவர் மனம் நோகக்கூடாதென்று கொடுத்துவிட்டார். தன் முன்னால் மண்டியிட்டிருக்கிறவருக்குப் பத்து மணி உருட்டுவதற்குள் எத்தனையாவது மணி என்பது மறந்துபோகும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான்தான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். எனக்கே அப்போது அவ்வளவு தெரியவில்லை.

அன்று தொடங்கியதுதான். விடிந்தால் செபமாலையைக் கையில் எடுப்பார். விசுவாச மந்திரம், பரலோக மந்திரம், அப்புறம் பத்துப் பத்தாக அருள் நிறை மந்திரங்கள். இரண்டாவது பத்துக்குள் நுழையும்போது பால்கனியில் ஒரு புறா வந்து உட்காரும். விரல் நின்றுவிடும். "எங்க விட்டேன்?" என்று மணியைப் பார்ப்பார். மணி என்ன சொல்லும்? மறுபடி மாலை நுனிச் சிலுவையிலிருந்து ஆரம்பிப்பார். மத்தியானம் ஆகும்போது உதடு காய்ந்து, கண் கலங்கி, "தீர மாட்டேங்கே, தீர மாட்டேங்கே" என்று புலம்புவார்.

ஒரு நாள் நானே பக்கத்தில் உட்கார்ந்து மாலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் சபையில் யாராவது பார்த்திருந்தால் எனக்காகத் தனி உபவாச ஜெபம் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு மணியாக நகர்த்தி, அவரோடு சேர்ந்து சொல்லி, ஒருவழியாக முழுவதையும் முடித்தோம். சின்ன வயசில் மனப்பாடம் செய்தது, ஒரு வார்த்தை பிசகவில்லை எனக்கு. அவர் சிலுவையை முத்தமிட்டார்.

"முடிஞ்சிட்டுப்பா. அபராதம் தீர்ந்திட்டு" என்றேன்.

"ஸ்தோத்திரம்" என்று பெருமூச்சு விட்டு, பாத்ரூமுக்குப் போய் வந்தார். வந்தவர் மாலையை எடுத்தார். "ஏட்டி, சாமியார் குடுத்த அபராதம் பாக்கி கிடக்கு."

இதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். அடுத்த முறை அவர் முடிப்பதை ஃபோனில் வீடியோ எடுத்து வைத்தேன். மறுபடி கேட்டபோது நீட்டினேன். "பாருங்கப்பா, நீங்கதான். முழுசா சொல்லி முடிச்சிட்டீங்க."

கண்ணாடியை மேலே தூக்கி உற்றுப் பார்த்தார். "யாருட்டி இந்தக் கிழவன்? இவன் சொன்னா எனக்கு எப்படித் தீரும்?"

நான் ஃபோனைக் கட்டிலில் வீசிவிட்டு சமையலறையில் போய் நின்று அழுதேன்.

ஜெகதீசனுக்கு இது பொறுக்கவில்லை. அவர் முரடரில்லை. என் அப்பாவைக் குளிப்பாட்டி, நகம் வெட்டி, அசிங்கம் பாராமல் துணி மாற்றுகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்து வந்ததும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாமா, நீங்க இவ்ளோ கஷ்டப்படவே வேணாம். உங்க பாவத்துக்கு உண்டான தண்டனை எல்லாம் சிலுவையிலயே தீந்துபோச்சு."

"யாரு தீர்த்தா?"

"இயேசு தீத்துட்டார் மாமா."

"அவரு அவரு பாட்டத் தீர்த்தாரு மாப்ள. எம் பாட்ட யாரு தீர்க்கது?"

"அவர் உங்களுக்காகத்தான் தீத்தார். நீங்க ஆமான்னு நம்புனா போதும். கையை நீட்டி வாங்கிக்கறது மட்டும்தான் நம்ம வேலை."

பிறகு வரிவரியாக ஜெபம் சொல்லிக்கொடுத்தார். அப்பா மரியாதைக்காரர், மாப்பிள்ளை சொன்னதை எல்லாம் திருப்பிச் சொல்லி, கடைசியில் ஓங்கி ஆமென் போட்டார். ஜெகதீசன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சபையின் வாட்ஸப் குரூப்பில் மாமா ரட்சிக்கப்பட்ட சந்தோஷச் செய்தியைப் போட்டார். அல்லேலூயாக்கள் வந்து குவிந்தன. அவை நிற்பதற்குள் அப்பா என்னைக் கூப்பிட்டு, "ஏட்டி, எஞ் செபமாலை எங்க?" என்றார்.

அன்று நான் ஜெகதீசனிடம் நேராகவே கேட்டேன். "விசுவாசிச்சா போதும்ங்கிறீங்க. விசுவாசிச்சதையே மறந்துட்டா?"

"தேவன் மறக்க மாட்டார்."

"தேவன் மறக்க மாட்டார்னு எனக்கும் தெரியும். பயந்து சாகுறது தேவனா? அப்பா இல்லியா?"

அவர் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். அதைப் பார்த்ததில் எனக்கு ஒரு சின்ன குரூர திருப்தி வந்தது. அது போன வேகத்தில் பயம் வந்தது.

ஏனென்றால் அதற்குள் அப்பா சாப்பாட்டைக் குறைக்கத் தொடங்கியிருந்தார். அபராதம் தீர்க்காமல் பூசையில் நன்மை அப்பம் வாங்கக்கூடாது என்பது வீட்டுச் சாப்பாட்டுக்கும் பொருந்தும் என்று அவருக்குள் ஏதோ குழம்பிப்போய்விட்டது. தட்டை வைத்தால் தள்ளிவிடுவார். "தீர்த்திட்டுத் திங்கேன்" என்பார். உடம்பு உருகிக்கொண்டே வந்தது. இதயம் பலவீனமாக இருக்கிறது, சாப்பிட வையுங்கள் என்று டாக்டர் கண்டித்தார். இப்படிப் பயந்துகொண்டே, பட்டினி கிடந்தே என் அப்பா போய்விடுவாரோ என்பதே என் நினைப்பாக இருந்தது. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். சாவதற்கு முன் ஒரு நாளாவது அவர் பயமில்லாமல் இருக்க வேண்டும். அதை கத்தோலிக்கம் கொடுத்தாலும் சரி, எங்கள் சபை கொடுத்தாலும் சரி.

ஆண்டனி சாமியாரை வீட்டுக்கு அழைத்தேன். சங்கடத்தோடு வந்தார். அப்பாவின் அருகில் அமர்ந்து, "சேவியர் அண்ணாச்சி, நான் குடுத்த அபராதத்த நானே ரத்து பண்ணுதேன். ஒண்ணும் பாக்கி இல்ல. இயேசுவேன்னு ஒரு தடவ சொல்லுங்க, போதும்" என்றார்.

"இயேசுவே" என்றார் அப்பா. முகம் விரிந்தது. ஒரு கிண்ணம் ரசம் சாதம் சாப்பிட்டார். நான் சாமியாரின் காலில் விழாத குறை.

அப்பாவைப் படுக்க வைத்துவிட்டு ஹாலுக்கு வந்தோம். சாய் கொடுத்தேன். ஜெகதீசன் சும்மா இருப்பாரா?

"ஃபாதர், தப்பா நினைக்காதீங்க. இவ்ளோ நாள் அவரை பயமுறுத்துனதே இந்த அபராதம்தானே? மன்னிப்பு குடுத்தப்புறம் எதுக்கு மேல ஒரு பரிகாரம்?"

"மன்னிப்புக்கு விலை இல்ல தம்பி அது. கிருபைதான் முதல்ல. அது சும்மா வருது. ஆனா மன்னிப்பு வாங்குனவன் மாறணும்லா? உடைஞ்ச காலு கட்டுப் போட்டதும் சேர்ந்திரும், நடக்கப் பழகணும்லா? அந்த நடைதான் அபராதம்."

"நடக்கறதை நாங்களும் ஒத்துக்கறோம். நடந்தாதான் நீதிமான்னு சொல்றதைத்தான் ஒத்துக்கல. விசுவாசம் இருந்தா நடை தானா வரும்."

"நடை வராத விசுவாசம் செத்ததுன்னு நாங்க சொல்லுதோம்."

"நாங்களும்தான் சொல்றோம்!"

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். கத்தோலிக்கரும் லூத்தரன்காரர்களும் இந்த விஷயத்தில் அடிப்படையில் ஒத்துப்போகிறோம் என்று இருபத்தைந்து வருஷத்துக்கு முன்பே ஜெர்மனியில் சேர்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டதாக சாமியார் சொன்னார். ஜெகதீசன், எங்கள் சபை லூத்தரன் இல்லை என்றாலும் அதைப் படித்துப் பார்ப்பதாகச் சொன்னார். நல்லது. ஐந்நூறு வருஷச் சண்டை எங்கள் ஹால் சோஃபாவில் பிஸ்கட்டோடு பாதி தீர்ந்துபோயிற்று. உள்ளே அறையிலிருந்து குரல் வந்தது. விசுவாச மந்திரம். சிலுவையிலிருந்து மறுபடி ஆரம்பித்திருந்தார்.

சாமியார் டம்ளரைக் கீழே வைத்தார். "நான் தினமும் வந்து சொல்லட்டுமாம்மா?" என்று கேட்டார். குருமடம் எங்கே, கராடி எங்கே. அவருக்கே தெரியும், அது நடக்காதென்று. வாசலில் தலையைக் குனிந்துகொண்டு, "அவர் மேல குற்றமே கிடையாதும்மா. ஆண்டவர் பாத்துக்குவாரு" என்றார். எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். ஆண்டவர் பார்த்துக்கொள்கிறார், சோறு ஊட்டுகிறவள் நான்.

போன மாதம் ஒரு சாயங்காலம், ஜெகதீசன் ஆபீஸிலிருந்து வரவில்லை. அப்பாவைப் பால்கனி நாற்காலியில் வெயிலில் உட்கார வைத்திருந்தேன். பால்கனிக்கும் ஹாலுக்கும் நடுவே புறாவும் கொசுவும் வராமலிருக்க ஒரு வலைக்கதவு. இங்கே எல்லோரும் ஜாளி என்பார்கள். நான் ஹாலுக்குள் அந்த ஜாளியை ஒட்டி, தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். வெளியே வெயில், உள்ளே லைட் போடவில்லை. அவர் பக்கமிருந்து பார்த்தால் வலைக்குப் பின்னால் ஓர் உருவம் தலைகுனிந்து இருப்பது மட்டும்தான் தெரிந்திருக்கும்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்ப்பதற்குள் அப்பா சுவரைப் பிடித்து, முனகிக்கொண்டே, ஜாளிக்கு முன்னால் முழங்காலில் இறங்கிவிட்டார்.

"ஆசீர்வதியும் சாமி. நான் பாவி."

அப்பா, நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் நிற்கவில்லை. பலமுறை சொல்லிப் பழகிய குரல், ஒரு தடுமாற்றமும் இல்லாமல் வந்தது.

"எம் பொண்ணு வேற சபைக்குப் போயி முழுக்கு எடுத்திட்டா சாமி. எனக்குத் தாங்கல. வேளாங்கண்ணிக்குப் போயி, பழைய கோவில் மணல்ல முழங்கால்லயே நடந்தேன். ரத்தம் வந்துது. மாதாட்ட கேட்டேன், அவள அடிச்சாவது திருப்பிக் கொண்டாந்திரும்மான்னு. அவ வயித்துல புள்ள இருக்குன்னு எனக்குத் தெரியாது சாமி. எங்கிட்ட யாரும் சொல்லல. நான் கேட்டேன், மாதா அடிச்சிட்டா. புள்ள போயிட்டு."

என் கையில் ஒரு பூண்டுப் பல் இருந்தது. அதை நசுக்கிவிட்டேன் போலிருக்கிறது, விரலெல்லாம் எரிந்தது.

"எத்தனையோ சாமிமார்ட்ட சொல்லிட்டேன். மன்னிச்சாச்சு, சின்னதா ஒரு செபம் சொல்லிட்டுப் போங்காவ. இவ்வளவு பெரிய பாவத்துக்கு இத்தினிக்கூண்டு அபராதம் எப்படி சாமி பத்தும்?"

நஞ்சுக்கொடி பிரிந்தது ஏன் என்று எனக்குத் தெரியும். டாக்டர் படம் போட்டு விளக்கினார். நான் இப்போது மாதாவிடம் வேண்டுவதில்லை, ஆனாலும் அவள் அப்படிப்பட்டவள் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அவர் வேண்டுதலால் என் பிள்ளை போகவில்லை. ஆனால் கேட்டாரே. என்னை அடிக்கச் சொல்லிக் கேட்டாரே. முழங்காலில் ரத்தம் வர நடந்து போய்க் கேட்டாரே. தைலம் தேய்த்துத் தேய்த்து நான் ஆற்றப் பார்த்த தழும்பு அது. எழுந்து அந்த ஜாளியைப் பிய்த்தெறிந்துவிட்டு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. வலையில் விரல்களைக் கோத்துக்கொண்டு, கிழட்டுத் தலையைச் சாய்த்து, அவர் மன்னிப்புக்காகக் காத்திருந்தார்.

கத்தோலிக்கச் சட்டப்படி சாமியார் இல்லாதவள் மன்னிப்புக் கொடுப்பது பெரிய பாவம். எங்கள் சபைப்படி மனுஷன் மன்னிப்புக் கொடுப்பதே வீண். இரண்டையும் மீறி, தொண்டையைக் கனைத்து, "மன்னிச்சாச்சு" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"அபராதம் சாமி?"

இலவசம், ஒன்றும் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஞாயிறுதோறும் அதைத்தானே கைதட்டிப் பாடுகிறேன்? என் வாயில் அது வரவில்லை. எனக்கு அவரிடமிருந்து ஒன்று வேண்டியிருந்தது.

"உங்க மககிட்டப் போய் இதச் சொல்லுங்க. நேர்ல சொல்லுங்க. அதான் அபராதம்."

"அவகிட்டயா? சொல்லுதேன் சாமி. இப்பவே போறேன்."

ஜாளியைப் பிடித்து எழுந்தார். நான் பூண்டுத் தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்து லைட்டைப் போட்டேன். அவர் கதவைத் தள்ளிக்கொண்டு, ஒவ்வோர் அடியாக ஹாலுக்குள் வந்து, என் எதிரே நின்றார். என்னை அடையாளம் தெரிந்தது. கண்ணில் நீர் நின்றது. என் தோளைப் பிடித்தார், வாயைத் திறந்தார்.

கண் அலைந்தது. வாய் அப்படியே இருந்தது.

"என்னமோ உங்கிட்டச் சொல்லணும்னு வந்தேன்டி" என்றார். "காப்பி இருக்கா?"

காப்பி போட்டுக் கொடுத்தேன். அன்றைக்கு அவர் நன்றாகச் சாப்பிட்டார். செபமாலையைக் கேட்கவில்லை. படுக்கும்வரை ஒரு குழந்தை மாதிரி இருந்தார். சாமியார் வந்து ரத்து செய்ததற்கும், மாப்பிள்ளை ஜெபித்ததற்கும் கிடைக்காத நிம்மதி என் ஒரு வார்த்தைக்குக் கிடைத்திருந்தது. எனக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை.

"கண்ணு ஏன் சிவந்திருக்கு?" என்று ஜெகதீசன் கேட்டார். சொல்ல முடியுமா? சாமியார் கேட்ட பாவசங்கீர்த்தனத்தை வெளியே சொல்லக்கூடாது என்பது சின்ன வயசில் கற்ற பாடம். நான் சாமியார் இல்லை, இருந்தாலும் அதைச் சொல்ல வாய் வரவில்லை. வேறு மாதிரி கேட்டேன்.

"ஒருத்தர் நமக்குச் செஞ்சத, அவரு நம்மகிட்ட மன்னிப்புக் கேக்காமலே மன்னிக்க முடியுமா?"

"நம்மளயே தேவன் அப்படித்தானே மன்னிச்சார்?"

"தேவனை விடுங்க. உங்களக் கேக்கறேன். உங்க அப்பாவ மன்னிச்சிட்டீங்களா?"

அவர் சோற்றைப் பிசைந்தார். "அவர் ஒரு ஃபோன் பண்ணட்டும்" என்றார். பிறகு, தான் சொன்னது என்ன என்று அவருக்கே உறைத்து, எழுந்து கை கழுவப் போய்விட்டார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே படகில்தான் இருந்தோம்.

மறுநாள் காலை செபமாலை வந்தது. தட்டு தள்ளப்பட்டது. வேறு வழி தெரியாமல் நானே அவரைப் பால்கனியில் உட்கார வைத்துவிட்டு, லைட்டை அணைத்து, ஜாளிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். வந்தார். முதலிலிருந்து சொன்னார். பெண் வேறு சபைக்குப் போனது, மணல், ரத்தம், அடி, பிள்ளை. அதன் பிறகு இதுவே வழக்கமாகிவிட்டது. மன்னிச்சாச்சு என்றால்தான் அவர் சாப்பிடுகிறார். நானும் சொல்கிறேன். சில நாள் அது உண்மை, பல நாள் வெறும் வார்த்தை. அவர் வித்தியாசம் பார்ப்பதில்லை, ஒவ்வொரு தடவையும் முழுசாக நம்புகிறார். நம்பிவிட்டு மறக்கிறார். எனக்கு மட்டும் ஒரு வார்த்தைகூட மறப்பதில்லை.

மகளிடம் போய்ச் சொல் என்ற அந்த முதல் அபராதத்தை நான் மறுபடி கொடுக்கவில்லை. அவர் வந்து என் எதிரே வாயைத் திறந்துகொண்டு நிற்பதை இன்னொரு முறை பார்க்க எனக்குத் தெம்பில்லை. ஏதாவது ஒரு செபத்தைச் சொல்லி அனுப்பிவிடுகிறேன்.

இன்று காலை என்னால் அதைக் கேட்க முடியாது என்று தோன்றியது. குழந்தைக்கு வைப்பதாக இருந்த பெயர் ஏனோ விடியும்போதே நினைவுக்கு வந்துவிட்டது. அப்பா ஜாளிக்கு முன்னால் மெல்ல முழங்காலில் இறங்கினார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே நான் சொன்னேன்.

"எல்லாம் மன்னிச்சாச்சு. போய்ச் சாப்பிடுங்க."

இன்று அதை உண்மையாகவே சொன்னேன். சொல்லும்போது நெஞ்சு லேசானது எனக்குத் தெரிந்தது.

அப்பா வலைக்கு அந்தப் பக்கம் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார்.

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லவே இல்லியே சாமி" என்றார்.

பிறகு கையைக் குவித்துக்கொண்டு, எம் பொண்ணு வேற சபைக்குப் போயிட்டா சாமி என்று முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.